எந்தக் கட்டில் உங்க வீட்டுக்காரர்?

எங்கள் போதை மீட்பு மையத்தில் புதன்கிழமை குடும்ப நாள். உள்ளே சிகிச்சையில் இருக்கும் ஆண்களைப் பார்க்க வீட்டுப் பெண்கள் வருவார்கள். தூக்குவாளியில் குழம்பு, பிளாஸ்க்கில் காபி, துவைத்து மடித்த கைலி. பத்தரை மணிக்கு அவர்களை முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஒரு மணி நேரம் நான் பேசுவேன். குடி ஒரு நோய். திட்டித் திருத்த முடியாது. அவர் வாங்கிய கடனை நீங்கள் அடைக்காதீர்கள். முதலாளிக்குப் போன் போட்டு 'அவருக்குக் காய்ச்சல்' என்று பொய் சொல்லாதீர்கள். பதினான்கு வருடமாகப் பேசுகிறேன், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

ஆறேழு வருடம் முன்பு ஒரு தை மாதம், சம்பா அறுவடை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். காலில் சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் தடவியிருந்தார். யாரோடும் பேசவில்லை, நான் கொடுத்த நோட்டீசை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அடுத்த புதனும் வந்தார், அதற்கடுத்த புதனும். மூன்றாவது வாரம் அவர் கிளம்பும்போது வாசலில் பிடித்து, "உங்க வீட்டுக்காரர் எந்தக் கட்டில்மா?" என்று கேட்டேன்.

"அவரு போயி எட்டு வருசமாச்சு ஆயி. எனக்குத்தான் கேட்டுக்க வந்தேன்."

வருகைப் பதிவேட்டில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் உண்டு. முதல் இரண்டு வாரமும் அவர் பெயருக்கு நேரே என் கையால் 'மனைவி' என்று எழுதியிருந்தேன். அவரைக் கேட்கக்கூட இல்லை.

எங்களிடம் 15 படுக்கை, பதினைந்தும் ஆண்களுக்கு. "இங்க லேடீஸ் அட்மிஷன் இல்லைம்மா" என்றேன். திருச்சியில் ஓர் இடத்தைச் சொல்லி துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதையும் நாலாக மடித்து வாங்கிக்கொண்டார். நாலாவது புதன்கிழமை வரவில்லை. அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

அன்று இரவு பீரோவில் இருந்த ஃபைலை எடுத்தேன். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்ததிலிருந்து போய்வந்த பயிற்சிகளின் சான்றிதழ்கள், மொத்தம் 23. நாலைந்தை லேமினேட்கூடப் பண்ணி வைத்திருந்தேன். குடும்ப சிகிச்சை, மறுபடி குடியில் விழாமல் தடுத்தல், குழு ஆற்றுப்படுத்தல் (கவுன்சிலிங்), எச்.ஐ.வி. விழிப்புணர்வு என்று எல்லாம் இருந்தது. எல்லாவற்றிலும் பெண் வருகிறாள், ஆனால் குடிப்பவரின் மனைவியாகவோ அம்மாவாகவோதான் வருகிறாள். 'நோயாளி' என்ற சொல்லுக்குப் பிறகு 'அவன்', 'அவர்' என்றே போகும். ஓரிடத்தில்கூட 'அவள்' இல்லை.

இதை யார் மேலும் குற்றமாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இந்தத் துறை முளைத்ததே ஒரு மனைவியின் துக்கத்தில்தான். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில் தொடங்கியது டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் குடவாசல் பக்கம் மஞ்சக்குடியிலேயே அவர்கள் முகாம் போட்டார்கள். குடிப்பவரைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போகாமல், ஊரார் துணையோடு ஊரிலேயே வைத்துக் குணமாக்கும் முறை. டெல்டாவில் என்னைப் போன்றவர்கள் இன்று கூலி வாங்கிச் சாப்பிடும் வேலைக்கு அதுதான் விதைநெல். சாந்தி அம்மாவுக்கு 1992ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் மனைவியின் நாற்காலியில் இருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதே நாற்காலியில் ஒரு நோயாளி வந்து உட்கார்ந்தால் தெரிவதில்லை. எனக்குத் தெரியவில்லை.

அதிகாரிகளிடம் பெண்களுக்குப் படுக்கை கேட்டால் ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து நீட்டுவார்கள். சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு: குடிப்பவர்கள் ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். "பார்த்தீங்களா, ஒண்ணரை பர்சன்ட்தான்." வாசலில் நின்று நோட்டும் பேனாவுமாக ஒருவர் கேட்கும்போது, பின்னால் மாமியார் முறத்தோடு நிற்க, எந்தப் பெண் 'ஆமாம், குடிப்பேன்' என்று சொல்வாள்? இது கணக்கெடுத்தவர்களின் குற்றமல்ல, கேள்வியின் சுபாவம் அப்படி. அதே அறிக்கையில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் எடுத்து நீட்டுவதில்லை.

அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கொழும்புத் திட்டம் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் கூட்டமைப்பு பல நாட்டு ஆற்றுப்படுத்துநர்களுக்காக வகுத்த பாடங்களில் 'க்ரோ' என்று ஒரு தொகுதி உண்டு, பெண்களின் மீட்சிக்கென்றே எழுதியது. ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரு கையில் அகராதி, ஒரு கையில் தோசைக்கரண்டி என்றுதான் படித்தேன். சில விஷயம் சுளீரென்று உறைத்தது. ஆண் குடிக்கும் அதே அளவைப் பெண் குடித்தால் ரத்தத்தில் ஏறும் அளவு கூடுதல். பெண் உடம்பில் நீர் குறைவு, வயிற்றிலேயே மதுவைச் சிதைக்கும் நொதியும் குறைவு. முதல் குவளையில் தொடங்கி 'இல்லாமல் முடியாது' என்ற இடத்துக்கு ஆண் பத்துப் பதினைந்து வருடத்தில் போனால் பெண் அதில் பாதியிலேயே போய்விடக்கூடும். மடக்குத் தொலைநோக்கியை மடக்கின மாதிரி காலம் சுருங்கிவிடுகிறது. ஈரலும் அந்த வேகத்திலேயே கெடும்.

ஒரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார அமைப்பு வகுத்த 'ஆடிட்' கேள்வித்தாளில் ஓர் அளவு என்பது 10 கிராம் ஆல்கஹால். நம் கடையில் விற்கும் குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம். பெருக்கி, மில்லியை எடையாக மாற்றினால் ஏறக்குறைய 61 கிராம், அதாவது ஆறு அளவு. 'ஒரே வேளையில் ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை முறை குடிக்கிறீர்கள்' என்பது அந்தத் தாளின் மூன்றாவது கேள்வி. "ஒரே ஒரு குவார்ட்டர்தாங்க" என்று சொல்லும் பெண் அந்தக் கேள்வியில் ஏற்கெனவே விழுந்துவிட்டாள். நான் அதை வருடக்கணக்கில் 'குறைவு' என்று குறித்துக்கொண்டிருந்தேன்.

சொற்களும் காலை வாரும். ஆங்கிலப் பயிற்சியில் குடிக்காமல் இருப்பவரைச் 'சுத்தமாக' இருக்கிறார் என்பார்கள். நாங்களும் அப்படியே தமிழாக்கி ஆண்களிடம், "எத்தனை நாளா சுத்தமா இருக்கீங்க?" என்று கேட்டுப் பழகியிருந்தோம். அதையே ஒரு பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். தீட்டு, தலைக்குக் குளித்தல், அடுப்படிக்குள் போகலாமா கூடாதா என்று ஒரு வாழ்நாள் முழுக்க அவளை அளந்த சொல் அது. நான் கேட்டபோது ஒருவர் முகம் சுருங்கி, "காலையில குளிச்சிட்டுத்தாங்க வந்தேன்" என்றார். அன்றோடு அந்தச் சொல்லை விட்டேன். "குடிக்காம எத்தனை நாள் ஆச்சு?" போதும்.

மறுபடி விழாமல் தடுக்கும் பாடமும் அப்படித்தான். ஆபத்தான சூழல்கள் என்று ஒரு பட்டியல் தருவோம். சம்பள நாள், கடை இருக்கும் தெரு, குடிக்கும் நண்பர்கள். மூன்றாவதை வாசித்தபோது ஒரு பெண் கேட்டார்: "நமக்கு ஊத்திக் குடுத்ததே அவருதானே ஆயி. அவரை எங்க தவிர்க்கிறது?" பாடத்தில் பதில் இல்லை. அவரோடு உட்கார்ந்து வேறு பட்டியல் எழுதினோம். வீட்டுக்காரர் வரும் நேரம். நடவு முடித்து இடுப்பு விட்டுப்போகிற சாயங்காலம். குழுக் கடனுக்குத் தவணை கட்டும் நாளுக்கு முந்தின ராத்திரி. மகள் பிரசவத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போன மறுநாள். (வயலில் வாயில் அடக்கும் புகையிலையை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. "அது வெத்தலைங்க." கும்பகோணத்தில் இருந்துகொண்டு வெற்றிலையைக் குறை சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனால் உள்ளே வைக்கும் பாக்கே புற்று உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் முதல் வகையில் சேர்த்தாயிற்று. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

இனி எழுதப்போவது எழுதக் கூச்சமான விஷயம். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

டவுனில் வசதியான வீடு. கணவரே கூட்டிவந்தார். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு தூக்கம் வரவில்லை என்று ஒரு டாக்டர் பத்து நாளுக்கு அல்பிரசோலம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பத்து நாள் நாலு வருடமாகிவிட்டது. பழைய சீட்டையே காட்டி மெடிக்கலில் வாங்குவது, சீட்டு கிழிந்ததும் முகம் பார்த்தே கொடுப்பது. அரை மாத்திரையில் தொடங்கி நாளுக்கு ஆறு. அவர் குடித்ததில்லை, வாசலில் விழுந்து கிடந்ததில்லை, தினம் கோலம் போட்டார். அதனால் யாருக்கும் போதை என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் விஷயம். குவார்ட்டரைப் பார்த்துப் பழகியவளுக்கு மாத்திரை சின்னதாகத் தெரிந்தது. "மனசு வெச்சா விட்டுடலாம்மா. இன்னிக்கே எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுங்க" என்றேன். கணவருக்கு ரொம்பத் திருப்தி. என் எதிரிலேயே அட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாகக் குப்பைக்கூடையில் போட்டார். நான் கைகூடத் தட்டினேன்.

மூன்றாம் நாள் காலை அடுப்படியில் வலிப்பு. விழுந்ததில் கிரைண்டர் கல் ஓரம் பட்டு நெற்றியில் ஐந்து தையல். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டியூட்டி டாக்டர், என் மகள் வயது இருக்கும், கேட்டது ஒரே கேள்வி. "யாரு இதை ஒரேயடியா நிறுத்தச் சொன்னது?" கணவர் நல்ல மனிதர். என்னைக் கை காட்டவில்லை. "கவுன்சிலிங்ல சொன்னாங்க" என்றார், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

கஞ்சாவையோ ஹெராயினையோ திடீரென்று நிறுத்தினால் படும் பாடு வேறு. சாராயமும் இந்தத் தூக்க மாத்திரை வகையும் நிறுத்தும்போதே ஆளைக் கொல்லக்கூடியவை. பழகிப்போன குடியை நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஜன்னி கண்டு பிதற்றலாம். மாத்திரையை மருத்துவர் கண்காணிப்பில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், துளித்துளியாகத்தான் இறக்க வேண்டும். இது எனக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. இரண்டு நாள் பயிற்சி ஒன்றில் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசியில் வைத்த பரீட்சையில் இதே கேள்வி வந்து சரியாக டிக் அடித்திருக்கிறேன், பத்துக்கு ஒன்பது. ஃபைலில் பதினெட்டாவது சான்றிதழ். கேள்வித்தாளில் தெரிந்தது, கோலம் போட்டுவிட்டு வந்த ஒரு பெண்மணி எதிரே உட்கார்ந்தபோது தெரியவில்லை.

சிஸ்டரைத் தேடிப் போனது அதற்குப் பிறகுதான். அரசு மனநலப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாபநாசம் பக்கம் வீடு. ஒரு பயிற்சியில் பழக்கம். நடந்ததைச் சொல்லி அழுதேன். அழுது முடிக்கும்வரை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த பயிற்சி எங்கேன்னு கேக்காதே. நீ பேசறதை ரெக்கார்ட் பண்ணிக் கொண்டா" என்றார்.

எதிரில் இருப்பவரிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, பெயர் ஊர் வராமல் பார்த்துக்கொண்டுதான் பதிவு செய்வோம். நேரில் கேட்டதும் அழித்துவிடுவோம். முதல் பதிவு 22 நிமிடம். சிஸ்டர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அதில் 15 நிமிடம் என் குரல்தான். ஓர் இடம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவர்: "ராத்திரி படுத்தா அந்த நெனப்புதாங்க வருது."

நான்: "அதுக்குத்தானே மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன்? பண்றீங்களா, இல்லையா?"

சிஸ்டர் போனை நிறுத்தினார். "எந்த நெனப்பு?"

தெரியவில்லை. நான் கேட்கவில்லை. நாலு மாதமாக அவரைப் பார்க்கிறேன், எந்த நினைப்பு என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் ஒன்றும் கேட்காமல், "படுத்தா அந்த நெனப்பு வருதுன்னு சொன்னீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்த வருடம் போன பையன்.

கேள்வியைக் குறைத்து, அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பித் தருவது என்பது 'ஊக்கமூட்டும் நேர்காணல்' முறையின் அடிப்படை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983ல் எழுதத் தொடங்கி, ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து 1991ல் புத்தகமாக்கியது. எனக்கு அதிலும் சான்றிதழ் உண்டு. ஆனால் மில்லரே தன் பயிற்சியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். 2001ல் வந்த ஒரு சிறு ஆய்வில், பட்டறைக்கு வந்தவர்கள் 'நிறையக் கற்றுக்கொண்டோம்' என்றார்கள். ஒலிப்பதிவைக் கேட்டால் மாற்றம் கொஞ்சம்தான், எதிரில் இருந்தவர்கள் பேச்சில் அதுவும் இல்லை. 2004ல் 140 பேரை வைத்துச் செய்ததில், பட்டறையோடு நின்றவர்களின் திறமை நாலு மாதத்தில் கரைந்துவிட்டது. பேச்சைக் கேட்டுத் திருத்த ஆள் இருந்தவர்களுக்கு நிலைத்தது. தன் கடைச் சரக்கைத் தானே தராசில் போட்டு எடை குறைகிறது என்று சொன்ன மனிதர் என்பதால் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

நம் ஊரில் பயிற்சி என்றால் என்ன? சென்னையில் ஐந்து நாள், தங்கல், ஆங்கிலத்தில் பவர்பாயின்ட், பகல் பதினொன்றுக்கு பிஸ்கட், கடைசி நாள் குரூப் போட்டோ. பெண்களோடு வேலை செய்யும் ஆற்றுப்படுத்துநர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஐந்து நாள் வீட்டை விட்டுவிட்டு எத்தனை பேரால் போக முடியும்? என் மாமியார் இருந்தவரை நான் போனேன். அவர் போன பிறகு என் இடத்தில் போனவர் மையத்தின் கணக்காளர். ஆண், ஆற்றுப்படுத்தலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, ஆனால் சான்றிதழ் மையத்தின் கோப்பில் சேர்ந்தது. மருத்துவர்களுக்கு 5 ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி என்று ஒரு கணக்காவது இருக்கிறது. எங்களிடம் யாரும் கேட்பதில்லை. கேட்காததைவிட, கேட்கிறவர்கள் எண்ணிக்கையை மட்டும் கேட்பதுதான் எரிச்சல்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்காரர்கள் இணையவழியில் நடத்தும் வகுப்புகள் உதவின. ஆளுக்கு ஒரு நோயாளியின் கதையை அடையாளம் நீக்கிச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து யோசிப்பது. அமெரிக்காவில் சஞ்சீவ் அரோரா 2003ல் மஞ்சள்காமாலைக் கிருமிக்காகத் தொடங்கிய 'எக்கோ' முறை அது. மொட்டைமாடியில் சிக்னல் கிடைக்கும் மூலையில் குடையோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

நல்ல பாடம் சில சமயம் சாப்பாட்டு வரிசையில் கிடைக்கும். தஞ்சாவூரில் ஒரு கூட்டத்தில் சாம்பார்சாதத்துக்கு நின்றபோது முன்னால் நின்ற வக்கீலம்மா சொன்னது: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 21ஆம் பிரிவு. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையை வழக்கமாகப் பிரிக்கக் கூடாது. குடி, போதை சார்ந்த மனநிலைப் பாதிப்பும் அந்தச் சட்டத்துக்குள் வரும். கைக்குழந்தையை விட்டுவிட்டு வா என்று நாங்கள் திருப்பி அனுப்பிய பெண்கள் எத்தனை பேர் என்று தட்டைப் பிடித்தபடியே எண்ணினேன். நாலு பேர் முகம் ஞாபகம் வந்தது.

படுக்கை இன்னும் வரவில்லை. வியாழக்கிழமை பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை பெண்களுக்கென்று ஒரு குழு மட்டும் நடக்கிறது. போர்டில் 'தையல் வகுப்பு' என்று போட்டிருக்கிறோம். ஊரில் எங்கே போகிறாய் என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் வேண்டுமே. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வாங்குவதில்லை என்பதால் திருவிடைமருதூர் தாண்டியும் வருகிறார்கள். கணவரைக் கூட்டிவர மனைவி உண்டு. மனைவியைக் கூட்டிவர பெரும்பாலும் யாருமில்லை, தனியாகத்தான் வருவார்கள். முதல் மாதம் இரண்டு பேர் நிஜமாகவே ரவிக்கைத் துணியோடு வந்துவிட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப மனசில்லாமல் பழைய மெஷின் ஒன்று வாங்கிப் போட்டோம்.

மூத்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிக்காமல் மூன்று வருடம் ஆகிறது. புதிதாக வருபவரை அவர்தான் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். எங்கள் வேலைக்குத் தமிழில் 'ஆற்றுப்படுத்துநர்' என்று பெயர் வைத்தது யாரோ, நல்ல காது உள்ளவர். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே பசியோடு வரும் பாணனுக்கு வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. நான் அந்த வழியில் நடந்தவள் இல்லை. அவர் நடந்தவர். இப்போது அவரையும் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். கையெழுத்துப் போடும் தாளில் 'பதவி' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று முதல்முறை கேட்டார். காலியாக விடச் சொன்னேன்.

சிஸ்டர் இன்னும் மாதம் ஒருமுறை வருகிறார். போன சனிக்கிழமை என் பதிவைக் கேட்டார். 31 நிமிடம், என் குரல் ஒன்பது. கொஞ்சம் பெருமையாகவே உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினோராவது நிமிஷத்துல மருமகளைப் பத்தி ஏதோ சொல்ல வந்தாங்க. நீ தண்ணி வேணுமான்னு கேட்டுட்டே."